அவர்களுக்கும் கிறிஸ்துமஸ் உண்டா?

கேள்வி இதுதான்: பூமிக்கு வெளியே உயிர் இருப்பது நாளைக்கே உறுதியானால் கிறிஸ்தவ நம்பிக்கை தாக்குப்பிடிக்குமா? மனிதனுக்காகவே உலகம் படைக்கப்பட்டது என்று சொல்லும் வேதாகமத்தில் வேற்றுக்கிரகவாசிகளுக்கு ஏது இடம்?

தாக்குப்பிடிக்கும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அதற்காக, "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று கையை உதறிவிட்டுப் போகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஓர் இடத்தில் வலிக்கும். அது ஆதியாகமத்தின் ஆறு நாள் கணக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் வலி, இயேசு மனிதராகப் பிறந்த பெத்லகேமில்தான் தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான், "செவ்வாய்க் கிரகத்தில் ஆட்கள் இருந்தால் அவர்களுக்கும் கிறிஸ்துமஸ் உண்டா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினால், ஏறக்குறைய இதே கேள்வியை 15ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பிரான்சிஸ்கன் துறவி கேட்டு, விடையும் எழுதிவைத்திருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் சுலபமான பகுதியை முடித்துவிடலாம். கண்டுபிடிக்கப்படுவது நுண்ணுயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 1996இல், அண்டார்க்டிகாவில் கிடைத்த செவ்வாய் விண்கல் ஒன்றில் பழைய உயிர்த்தடயம் இருக்கலாம் என்று நாசா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அமெரிக்க அதிபர் கிளிண்டனே கேமரா முன் வந்து பேசினார். அந்தக் கூற்றைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் பின்னர் ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில், கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதனின் குழு, 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு சேர்மத்தின் அடையாளம் தெரிவதாகச் சொன்னது. அதற்கும் உடனே கடுமையான ஆட்சேபங்கள் எழுந்தன. இந்த இரண்டு முறையும் எந்தத் தேவாலயமும் காலியாகவில்லை. ஆகியிருக்கவும் முடியாது. மண்ணுக்குள் கிடக்கும் பாசிக்குப் பாவமும் இல்லை, மீட்பும் வேண்டாம். அதைப் படைத்தவரைப் புகழ இன்னொரு காரணம் கிடைத்தது என்று விசுவாசி சொல்லிவிட்டுப் போவார்.

"மனிதனுக்காகவே உலகம்" என்று வேதாகமம் சொல்வதாகக் கேள்வியில் இருப்பதும் முழுக்கச் சரியல்ல. யோபு புத்தகத்தின் 38ஆம் அதிகாரத்தில் கடவுள் யோபுவை நிறுத்திவைத்துக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: மனிதரே குடியிராத பாலைநிலத்தில் மழை பெய்யச் செய்கிறவர் யார்? மனிதனுக்கு எந்தப் பயனும் இல்லாத இடத்திலும் கடவுளுக்கு வேலை இருக்கிறது என்பதுதான் அந்த அதிகாரத்தின் தொனி.

அடுத்தது, புத்தியுள்ள உயிர். சிந்திக்கிற, நன்மை தீமை அறிகிற, ஒருவேளை கடவுளைத் தேடுகிற உயிர்கள். இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தியுள்ள படைப்பு மனிதன் மட்டும்தான் என்று கிறிஸ்தவம் ஒருநாளும் சொன்னதில்லை. தேவதூதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனிதர் அல்லர். ஆதாமின் பிள்ளைகள் அல்லர். அவர்களில் விழுந்தவர்களும் உண்டு, விழாதவர்களும் உண்டு. எபிரெயர் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம், கிறிஸ்து தேவதூதருக்குக் கைகொடுக்கவில்லை, ஆபிரகாமின் சந்ததிக்கே கைகொடுத்தார் என்கிறது. நம்மைத் தவிர வேறு அறிவுள்ள இனம் உண்டு, அந்த இனத்தோடு கடவுளுக்கு இருக்கும் கணக்கு வேறு என்பது முதல் நூற்றாண்டிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். வேற்றுக்கிரகவாசி என்றதும் பதறுகிறவர்கள் இதை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இப்போது வரலாறு. பல உலகங்கள் பற்றிய பேச்சு தொலைநோக்கிக்கு முன்பே சபைக்குள் தொடங்கிவிட்டது. அரிஸ்டாட்டில் உலகம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்றார். 13ஆம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் ஒன்றுதான் என்றார். 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே, பல்கலைக்கழகத்தில் உலவிய 219 கருத்துகளைக் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அவற்றில் ஒன்று, கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பது. பல உலகங்கள் உண்டு என்று ஆயர் சொல்லவில்லை. 'முடியாது' என்று கடவுளுக்கு வரம்பு கட்ட நீ யார் என்றார், அவ்வளவுதான். அந்தக் கதவு திறந்ததும் கற்பனை ஓடத் தொடங்கியது. 1440இல் இறையியலாளர் கூசா நகர நிக்கோலஸ், மற்ற விண்பொருள்களிலும் குடிமக்கள் இருக்கக்கூடும் என்று எழுதினார். எட்டு ஆண்டுகள் கழித்து அவருக்குக் கர்தினால் பதவி கிடைத்தது.

இங்கே யாராவது இத்தாலியத் தத்துவஞானி கியோர்டானோ புரூனோவைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். 1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் அவரை எரித்தார்கள். அவர் மீதான குற்றச்சாட்டுகளில் எண்ணற்ற உலகங்கள் என்ற கொள்கையும் இருந்தது. திரித்துவத்தையும் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் மறுத்தது உட்பட இன்னும் பலவும் இருந்தன. எது எவ்வளவு கனத்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எதற்காக எரித்திருந்தாலும் அது அட்டூழியம்தான். ஆனால் வேற்றுலகம் பற்றிப் பேசினாலே சபை தீ வைத்தது என்ற சித்திரம், நிக்கோலஸின் கர்தினால் தொப்பியோடு பொருந்தவில்லை.

இப்போது அந்தப் பிரான்சிஸ்கன் துறவி. பெயர் வில்லியம் வோரிலாங், 1463இல் இறந்தவர். வேறோர் உலகில் மனிதர்கள் இருந்தால் அவர்கள் ஆதாமின் வழிவந்தவர்கள் அல்லர், எனவே ஆதாமின் பாவத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்றார். கிறிஸ்து இந்தப் பூமியில் மரித்தது அவர்களையும் மீட்கப் போதுமா என்ற கேள்வியை அவரே எழுப்பி, உலகங்கள் எண்ணற்றவையாக இருந்தாலும் போதும் என்று விடை சொன்னார். கிறிஸ்து இன்னோர் உலகத்துக்குப் போய் மறுபடியும் மரிப்பது தகுதியாக இராது என்றும் சேர்த்துக்கொண்டார். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு ஒரு தலைமுறை முன்பு எழுதியது இது.

நூறு ஆண்டுகள் கழித்து லூத்தரின் சகா மெலாங்தன் அதே புள்ளியைப் பிடித்து எதிர்த்திசையில் போனார். தேவகுமாரன் ஒருவரே, அவர் ஒரேதரம் மரித்து உயிர்த்தார், ஆகவே அவர் பலமுறை மரித்து எழுகிற பல உலகங்களைக் கற்பனை செய்யவே கூடாது என்றார். 1794இல் அமெரிக்கப் புரட்சியின் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் இந்த வாதத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். உலகங்கள் பல உண்டு என்று வானியல் காட்டுகிறது. அப்படியானால் உங்கள் மீட்பர் உலகம் உலகமாகப் போய்ச் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா என்று கேலி செய்தார். பல உலகங்களையும் கிறிஸ்தவத்தையும் ஒருசேர நம்புகிறவன் எதையும் யோசித்தவன் அல்லன் என்பது அவர் கட்சி.

கேலிக்குப் பதில் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. 1815இல் தாமஸ் சாமர்ஸ் என்ற போதகர் டிரான் தேவாலயத்தில் வாரநாள் நண்பகலில் வானியல் பற்றித் தொடர் பிரசங்கம் செய்தார். வியாபாரிகள் கடையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். 1817இல் அது அச்சாகி, ஓராண்டுக்குள் பதிப்புமேல் பதிப்பு கண்டது. அவர் பிடித்த பிடி அழகானது. தொலைநோக்கி நம்மைச் சிறியவர்களாக்கிய அதே காலத்தில் நுண்ணோக்கி ஒரு துளி நீருக்குள் ஓர் உலகத்தைக் காட்டியது. பெரியதைப் பார்த்துக்கொள்கிறவர் சிறியதை மறந்துவிடுவார் என்று யார் சொன்னது என்று கேட்டார். வழிதவறிய ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுப் போகிற மேய்ப்பன் கதையையும் எடுத்துக்கொண்டார். அந்த நூற்றாண்டு பிரிட்டனில் பக்திமான்கள் பெரும்பாலும் வேற்றுலகவாசிகள் பக்கம்தான் நின்றார்கள். 1853இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தலைவர் வில்லியம் ஹியூவெல், பூமியைத் தவிர வேறெங்கும் அறிவுள்ள உயிர் இருப்பதற்குச் சான்றில்லை என்று எழுதியபோது, சக விசுவாசியான விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் கொதித்தெழுந்து மறுப்பு நூல் எழுதினார். கடவுள் இத்தனை பெரிய வீட்டைக் கட்டி ஒரே அறையில் மட்டும் ஆள் வைப்பாரா என்பதே அந்தக் காலத்துப் பக்தர்களின் மனநிலை.

சாமர்ஸ் பெய்னின் கேலியை மழுங்கடித்தார். ஆனால் கேள்வி முடிந்துவிடவில்லை. கிறிஸ்து ஏன் மனிதரானார் என்பதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் நிற்கிறது. அது மருந்தா, விருந்தா?

மருந்து என்கிறது ஒரு மரபு. மனிதன் பாவம் செய்தான், அந்த நோய்க்கு மருந்தாகத் தேவகுமாரன் வந்தார். நோய் இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார் என்று கொள்வதே வேதாகமத்துக்கு ஒத்துவருகிறது என்றார் அக்வினாஸ். பிரான்சிஸ்கன் மரபில் வந்த இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் விருந்துக் கட்சி. மனிதன் விழுந்திருக்காவிட்டாலும் அவர் வந்திருப்பார். படைப்போடு ஒன்றாவது கடவுளின் முதல் விருப்பம், பாவத்துக்கான அவசர ஏற்பாடு அன்று என்பது இந்தக் கட்சியின் நிலை.

இதை வேற்றுக்கிரகத்துக்குக் கொண்டுபோங்கள். மருந்துக் கட்சிக்குச் சிக்கல் குறைவு. அவர்கள் நோயாளிகளாக இருந்தால் மருந்து தேவை, இல்லாவிட்டால் தேவை இல்லை. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த இயேசு சபைக் குருவானவர் ஹோசே கேப்ரியல் ஃபூனஸ், 2008 மே மாதத்தில் வத்திக்கான் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் இதைத்தான் சொன்னார். வழிதவறிய அந்த ஓர் ஆடு நாமாக இருக்கலாம், மற்றவர்கள் படைத்தவரோடு முழு உறவில் நிலைத்திருக்கலாம் என்றார். வேற்றுக்கிரகவாசி என் சகோதரன் என்பதே அந்தப் பேட்டிக்குத் தலைப்பு. நம்முடைய தற்பெருமைக்கு இது நல்ல அடி. பிரபஞ்சத்தின் நடுநாயகம் என்று நினைத்திருந்த நாம், ஊரிலேயே காணாமல்போன ஒரே ஆடு.

விருந்துக் கட்சிக்குத்தான் கஷ்டம். வருவதே நோக்கம் என்றால், மற்ற இனங்களை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? அவர்களிடமும் அவர்களைப் போலவே ஆகி வந்திருக்க வேண்டாமா? அந்தப் பையனின் கிறிஸ்துமஸ் கேள்வி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்சிக்குக் கைகொடுக்கிறவர் எதிர்க்கட்சியின் அக்வினாஸ். தேவகுமாரன் ஏற்றுக்கொண்ட மனித இயல்பைத் தவிர இன்னோர் இயல்பையும் ஏற்க முடியுமா என்று ஓரிடத்தில் கேட்டு, முடியும் என்கிறார். எல்லையற்றவரின் ஆற்றலைப் படைக்கப்பட்ட ஓர் இயல்பு தீர்த்துவிட முடியாது என்பது காரணம். வேற்றுக்கிரகத்தை மனத்தில் வைத்து அவர் அதை எழுதவில்லை. ஆனால் இன்று இந்தத் துறையில் எழுதுகிறவர்கள், 2023இல் இது பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்ட ஆங்கிலிக்கன் இறையியலாளர் ஆண்ட்ரூ டேவிசன் உட்பட, அந்தப் பக்கத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவருக்கு இந்த இடத்தில் தனியாக ஒரு நெருடல் உண்டு. 'அவதாரம்' என்ற சொல்லை நாம் அக்கம்பக்கத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எடுத்த கையோடு, "அங்கே பத்து, இங்கே ஒன்றே ஒன்று" என்று பிரசங்க மேடைகளில் வேறுபடுத்தியும் காட்டினோம். இப்போது வேற்றுலகில் இன்னொரு வருகை என்றால், இத்தனை காலம் பேசியது என்ன ஆவது? 1920களில் இயேசுவை அவதாரம் என்று அழைத்தே ஒரு நூல் எழுதிய சென்னை வழக்கறிஞர் வேங்கல் சக்கரை இங்கே உதவுவார். அவர் எண்ணிக்கையைப் பெரிதாக்கவில்லை. மற்ற அவதாரங்கள் வேலை முடிந்ததும் உருவத்தைக் கலைத்துவிட்டுப் போகின்றன. இயேசுவோ ஏற்ற மனிதத்தை இறக்கிவைக்கவே இல்லை, என்றைக்கும் மனிதராகவே இருக்கிறார் என்றார். வேற்றுமை நிலைத்திருப்பதில் இருக்கிறதென்றால், வேறோர் உலகில் அவர் வேறோர் இயல்பை ஏற்பதால் நம்மை விட்டுவிட்டார் என்று ஆகாது. சட்டை மாற்றுகிற கதை அன்று இது.

என் சாய்வு எது என்று கேட்டால், வோரிலாங் பக்கம். கொலோசெயர் நிருபம் 1ஆம் அதிகாரம், பூலோகத்தில் உள்ளவையும் பரலோகத்தில் உள்ளவையுமான எல்லாவற்றையும் அந்த ஒரே சிலுவையின் இரத்தத்தால் கடவுள் ஒப்புரவாக்கினார் என்கிறது. 'எல்லாவற்றையும்' என்பதை நான் சுருக்கிப் படிக்கத் தயாரில்லை. ஆனால் இன்னொரு வருகை கூடவே கூடாது என்று சட்டம் போட்டால், 1277இல் அந்த ஆயர் கண்டித்த ஆட்களின் வரிசையில் நானும் போய் நிற்பேன்.

இந்த எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு நிற்கிறவர்களும் உண்டு. படைப்புக் கொள்கைப் பிரசாரகர் கென் ஹாம் 2014இல் எழுதியது: ஆதாமின் பாவம் பிரபஞ்சம் முழுவதையும் பாதித்தது, ஆகவே வேற்றுக்கிரகவாசிகளும் அதில் சிக்கியவர்களே, ஆனால் அவர்கள் ஆதாமின் சந்ததி அல்லர், ஆகவே அவர்களுக்கு மீட்பு கிடையாது. தண்டனையில் பங்கு உண்டு, மன்னிப்பில் பங்கு இல்லை. இப்படி ஒரு கடவுளை யார் வணங்குவது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்; அப்படிப்பட்ட உயிர்களே இல்லை என்பதுதான் அவருடைய முடிவு. உண்மையில் அதிர்ச்சி அடையப்போகிறவர்கள் இப்படி எல்லாவற்றையும் அச்சாணி வைத்து இறுக்கியவர்கள்தான்.

மற்றவர்கள் நிலை வேறு. அமெரிக்க லூத்தரன் இறையியலாளர் டெட் பீட்டர்ஸ் பல மதத்தாரிடமும் மதம் சாராதவர்களிடமும், மொத்தம் 1,300க்கும் மேற்பட்டவர்களிடம், இதையே கேட்டு ஓர் ஆய்வு நடத்தினார். தங்கள் நம்பிக்கை ஆட்டம் காணும் என்று மதநம்பிக்கை உடையவர்களில் மிகப் பெரும்பாலோர் நினைக்கவில்லை. மதங்கள் நெருக்கடிக்கு உள்ளாகும் என்று அதிகமாக நினைத்தவர்கள் மதம் சாராதவர்களே. கருத்துக்கணிப்பில் சொல்வதும் நாளை நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

நான் கவலைப்படுவது கோட்பாட்டைப் பற்றி அல்ல, நடத்தையைப் பற்றி. ஏனென்றால் இதற்கு ஓர் ஒத்திகை ஏற்கெனவே நடந்திருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் மனிதர்கள் வாழ முடியாது என்று 5ஆம் நூற்றாண்டில் அகஸ்டீன் எழுதினார். ஆதாமின் பிள்ளைகள் அந்த மாக்கடலைக் கடந்து அங்கே போயிருக்க முடியாது என்பது அவர் வாதம். 1492க்குப் பிறகு, வேதாகமம் பெயர்கூடச் சொல்லாத ஒரு கண்டம் நிறைய ஆட்கள் இருப்பது தெரிந்தது. இவர்கள் மனிதர்களா, ஆன்மா உண்டா, யாருடைய பிள்ளைகள்? 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அவர்கள் உண்மையான மனிதர்கள், விசுவாசத்துக்குத் தகுதியுள்ளவர்கள், அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்று ஆணை வெளியிட்டார். 1550இல் ஸ்பெயினின் வல்லடோலித் நகரில், அந்த மக்களுக்காகப் பேசிய லாஸ் காசாஸும் எதிர்த்தரப்பில் செபுல்வேதாவும் அதே விஷயத்தை ஒரு குழுவின் முன் வாதாடினார்கள். 1655இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஐசக் லா பெய்ரேர், ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள் என்று எழுதி, பிறகு கருத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. இறையியல் ஒருவழியாகத் தன்னைச் சரிசெய்துகொண்டது. சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் அந்த மக்கள் செத்துக்கொண்டிருந்தது மட்டும் நிற்கவில்லை.

ஆகவே 2014 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு காலைத் திருப்பலி மறையுரையில், செவ்வாய்க் கிரகத்தார் சிலர், குழந்தைகள் வரைவதுபோல் பச்சை நிறம், நீண்ட மூக்கு, பெரிய காதுகளோடு வந்து, அவர்களில் ஒருவர் திருமுழுக்கு வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்று வினவியபோது, அவர் மனத்தில் இருந்தது செவ்வாய் அல்ல. யூதர் அல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் பேதுரு நுழைந்த கதைதான் அன்றைய வாசகத்தின் பின்னணி. அதே ஆண்டில் வத்திக்கான் வானியலாளர் கை கான்சல்மேக்னோ இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு நூலில் இணையாசிரியர் ஆனார். அவர் வழக்கமாகச் சொல்லும் பதில்: அவர்கள் கேட்டால் மட்டும்.

கேட்கும் நிலையில் இருப்பார்களா என்பது வேறு. கே2-18பி கோளிலிருந்து யாராவது கேட்டு, நாம் 'வாருங்கள்' என்று பதில் அனுப்பினால், போகவும் வரவுமாக 248 ஆண்டுகள். கல்வாரியில் நடந்த செய்தி அன்றைக்கே ஒளியின் வேகத்தில் கிளம்பியிருந்தாலும் இன்று சுமார் 2,000 ஒளியாண்டு தொலைவைத்தான் எட்டியிருக்கும். நம் பால்வெளி மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு. அங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்தியைக் கேள்விப்படவே முடியாதவர்கள்.

கேள்விப்படாமலே இறந்தவர்களைப் பற்றிய கேள்வி நமக்குப் புதிதல்ல. முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்த பிரான்சிஸ் சவேரியார், பிறகு ஜப்பான் போனார். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள், கிறிஸ்துவை அறியாமல் இறந்துபோன தங்கள் பெற்றோரும் முன்னோரும் என்ன ஆனார்கள் என்று கேட்டு அழுததை 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு விமோசனம் இல்லை என்றே அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டுத் தானும் வருந்தினார். 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுகிறவரும் மீட்படைய முடியும் என்றது. சீர்திருத்தச் சபைகளில் இதை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. உங்கள் சபைப் போதகரிடம் வேற்றுக்கிரகத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். நற்செய்தி நம் ஊருக்கு வருமுன் இறந்துபோன உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலில் பால்வெளியின் மறுகோடிக்கான பதிலும் ஏறக்குறைய இருக்கும்.